செட் ஆகல

பல்செட் அக்காவுக்கு மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் தெரியாது. வாயைத் திறந்தால்தான் தெரியும். பேருந்து நிறுத்தத்தில் யாராவது, "என்னக்கா, சௌக்கியமா?" என்று கேட்டால் முதலில் திருதிருவென்று விழிப்பாள். கேட்டவர் சிரித்ததும் முகம் மலர்ந்துவிடும். "அட, மேல முழுசு, கீழ நாலு! நீங்களா? கீழ்ப்பல்லு உறுத்துதுன்னீங்களே, சரியாயிடுச்சா?" என்பாள். சிரித்தவர் டக்கென்று வாயை மூடிக்கொள்வார். பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரிய வேண்டிய செய்தியா அது?

அவளைக் குறை சொல்லவும் முடியாது. பல் மருத்துவமனையின் பின்னறையில் அவளுக்கு வேலை. நோயாளிகள் முன்னறையில் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவர்களுடைய ஈறின் அச்சு மட்டும்தான் அவளிடம் வரும். பல் மாட்டிவிடுகிற அன்றைக்குக் கதவோரம் நின்று ஒருமுறை எட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான். அவளுடைய அறையில் ஒரு ஜன்னல், ஒரு நீள மேசை, மெழுகு உருக்க ஒரு சின்ன விளக்கு, மெருகு போட ஒரு மோட்டார். மூலையில் பிளாஸ்டர் மூட்டை. சுவரை ஒட்டின பலகைகளில் வெள்ளை வெளேரென்று தாடைகள், மேல் கீழாக, ஜோடி ஜோடியாக. புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு அந்தத் தாடைகளெல்லாம் தங்களைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தன என்று ஒரு சந்தேகம் வரும்.

அந்த அறையில் 'செட்' என்ற ஒரே ஆங்கிலச் சொல் ஐந்தாறு ஆள் வேலை பார்த்தது, சம்பளம் இல்லாமல். அவள் செய்து கொடுப்பது செட். மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு நிறுத்துவது செட் பண்ணுவது. கரைத்து ஊற்றின பிளாஸ்டர் இறுகினால் செட் ஆயிற்று. முடிந்த பல் வாயில் ஆடாமல் அசையாமல் நின்றால் அதுவும் செட் ஆயிற்று. டாக்டரம்மா முன்னறையிலிருந்து, "அக்கா, செட் ஆயிடுச்சா?" என்று குரல் கொடுத்தால், எந்த செட்டைக் கேட்கிறார் என்று குரலின் இழுப்பிலேயே அவளுக்குப் புரிந்துவிடும். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் மாறிப்போனதில்லை.

கட்டட வேலை பார்க்கிற அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தாள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. இளம்வயதில் ஒருத்தன் பார்த்துப் பேசிப் பிடித்து, எல்லாம் கூடி வந்த நேரத்தில், "அந்த எச்சில் வேலையை மட்டும் விட்டுடு" என்றான். அவள் வேலையை விடவில்லை, அவனை விட்டாள். "அவனுக்குப் பல்லு கொட்டிப் போகட்டும்னு நான் சபிக்கல. கொட்டினா எங்கிட்டதான் வரணும், அவ்வளவுதான்" என்று அண்ணியிடம் சொன்னாள். அதற்குப் பிறகு பார்க்கிறவர்களெல்லாம், "இன்னும் செட்டில் ஆகலையா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அவர்களே அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அண்ணன் மகள் கல்லூரியில் ஆங்கிலம் படிக்கிறாள். அவளுக்கு அந்தப் பருவத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்கு எத்தனை பொருள், எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று கட்டுரை எழுத வேண்டும். மற்ற பிள்ளைகள் அன்பு, சுதந்திரம் என்று பெரிய இடத்துச் சொற்களாகத் தேடிப் போனார்கள். இவள் செட்டை எடுத்தாள்.

"இந்த வீட்டுல அது ஓடுற ஓட்டத்துக்கு எனக்கு லைப்ரரியே தேவையில்ல அத்தை. அப்பாவுக்கு கான்கிரீட் செட் ஆகணும். அம்மாவுக்கு கப் செட்டுல ஒண்ணு உடையக் கூடாது. உங்களுக்குச் சொல்லவே வேணாம்."

"செட்டப்புன்னு ஒண்ணு இருக்கே, அதையும் எழுதுடி" என்றாள் அண்ணி, அடுப்பைத் துடைத்துக்கொண்டே.

"அம்மா! அதுக்கு நம்மூர்ல என்ன அர்த்தம்னு நான் வாத்தியாருக்கு விளக்கணுமா?"

இந்த நிலையில்தான் தச்சர் வந்து சேர்ந்தார். நாடகக் குழு ஒன்றுக்கு மேடையில் வீடு, சுவர், மாடிப்படி எல்லாம் செய்து நிறுத்துகிறவர். அவர் தொழிலிலும் அதற்கு செட் என்றுதான் பெயர். ஏணியிலிருந்து விழுந்ததில் முன்பற்கள் போயின. ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்த மற்றவற்றை டாக்டரம்மா பிடுங்கினார். மேல்வரிசை முழுசாகச் செய்ய வேண்டும்.

அவள் அவரை முதலில் பார்த்தது பிளாஸ்டரில். அச்சைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். அண்ணம் நல்ல உயரம், குடைந்து வைத்த மாதிரி. 'இந்த ஆள் சத்தமாகச் சிரிப்பான்' என்று நினைத்தாள். நினைத்து முடிக்கவில்லை, முன்னறையில் ஒரு சிரிப்புக் கேட்டது. தட்டில் இருந்த கருவிகள் அதிர்ந்தன.

நோயாளிகள் பின்னறைக்கு வருவதில்லை என்பது அந்த இடத்துச் சட்டம். அது தெரியாததால் அவர் நேராக உள்ளே வந்துவிட்டார்.

"ஏங்க, நீங்கதானே பல்லு செய்யறவங்க? முன்பல்லு ஒண்ணு லேசா சாஞ்சு இருக்கணுங்க." மேல்பல் இல்லாததால் சொற்கள் காற்றோடு கலந்து வந்தன. "ஆணியைக் கடிச்சு வெச்சுக்குற இடம் அது."

"பல்செட்டுல ஆணியைக் கடிச்சா ரெண்டா உடைஞ்சிடும்."

"கடிக்கலீங்க. ஆனா அந்த இடம் இருக்கணும்ல? எல்லாம் நேரா இருந்தா கண்ணாடியில யாரையோ பாக்குற மாதிரி இருக்கும். அந்த ஆளுக்கு நான் எதுக்குச் சவரம் பண்ணணும்?"

வரிசையாக வேண்டும், வெள்ளையாக வேண்டும், நடிகர் மாதிரி வேண்டும் என்று கேட்டவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். கோணலாகக் கேட்ட முதல் ஆள் இவர்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு மத்தியானமே மெழுகில் அந்த ஒரு பல்லை மட்டும் ஒரு மயிரிழை சாய்த்து நட்டாள்.

அதற்குப் பிறகு அவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஏதாவது வேலை இருந்தது. ஆணி வாங்க வந்தேன் என்பார். ஆணிக்கடை ஊரின் மறுகோடியில் இருக்கிறது. வந்தால் ஸ்டூலில் உட்கார்ந்து, நாடகக் குழுவில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று சொல்வார். "எனக்கும் அவனுக்கும் செட் ஆகலைன்னு ஒருத்தன் மூட்டையைக் கட்டுவான். சாயங்காலம் அவனோடயே அண்ணன் தம்பியா நடிப்பான். அங்க தினம் நாலு பேருக்கு செட் ஆகாதுங்க." அவள் மெழுகைச் சுரண்டிக்கொண்டே கேட்பாள்.

இதை எல்லோருக்கும் முன்னால் கவனித்தது பாதி. பாதி என்பது முன்னறையில் போன் எடுக்கிற பெண்ணுக்கு டாக்டரம்மா வைத்த பெயர். அவளிடம் ஒரு செய்தி சொன்னால் பாதிதான் போய்ச் சேரும், மீதி நடுவழியில் இறங்கிக்கொள்ளும். ஆனால் கண் மட்டும் முழுசு.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? வர்ற ஆம்பளைங்க எல்லாரையும் அண்ணேங்கிறீங்க. தாத்தா வயசுல இருக்கிறவரைக் கூட அண்ணேங்கிறீங்க. இவரை மட்டும் மொட்டையா 'வாங்க, உக்காருங்க'ன்னு சொல்றீங்களே, ஏன்?"

"வாய்க்கு வரல."

"அவரும்தான். ஊரே உங்களை அக்காங்குது. அவர் 'ஏங்க'ங்கிறார்."

"உனக்கு வேலை இல்லையா?"

ஒருத்தரை அண்ணே என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் அந்தக் கதவு சாத்தினது சாத்தினதுதான் என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. அதனால் இருவருமே நாக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

மெழுகுப் பல்லை வாயில் வைத்துப் பார்க்கிற நாள் வந்தது. டாக்டரம்மா பார்த்துச் சரி என்றார். பேச்சு தெளிவாக வருகிறதா என்று பார்ப்பது அக்காவின் பொறுப்பு. பின்னறையில் அவரை உட்கார வைத்தாள்.

"தொண்ணூத்தி ஒம்பதுலேர்ந்து கீழ எண்ணுங்க. மெதுவா. கடிச்சிடாதீங்க, மெழுகு."

அவர் எண்ணவில்லை. அவளைப் பார்த்தார். "ஏங்க, எனக்குன்னு யாரும் இல்ல. உங்களுக்கும் சாயங்காலம் போனா மாடியறைதான். நாம ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தா என்னங்க?"

'த' எல்லாம் சுத்தமாக வந்தது. அதை மட்டும்தான் அவளால் முதலில் கவனிக்க முடிந்தது.

"பேசாதீங்க. மூச்சு பட்டா மெழுகு இளகிடும்" என்று சொல்லி, பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டாள். கிண்ணத்தை மேசை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, "பல்லு முடியட்டும். உங்க கையில கொடுக்கிற அன்னைக்குச் சொல்றேன்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். பல் இல்லாத வாயால் என்னவோ சொன்னார், அது காற்றாகத்தான் வந்தது.

அடுத்த சில நாட்கள் அவள் வீட்டில் உப்பு கேட்டால் சர்க்கரையைக் கொடுத்தாள். அண்ணி எதுவும் கேட்கவில்லை. அண்ணி எதுவும் கேட்காமல் இருந்தால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று பொருள். அவளுக்குப் பயம் அவரைப் பற்றியதல்ல. தன் அறை, தன் ஜன்னல், தன் ஒற்றைத் தம்ளர் என்று எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இந்த வயதில் எழுப்பினால் எழுந்திருக்குமா? பல் கொடுக்க வேண்டிய நாள் காலையில், பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது, அவருடைய சிரிப்பு ஞாபகம் வந்து தானும் சிரித்தாள். பக்கத்து இருக்கைப் பெண் விலகி உட்கார்ந்தாள். சரி என்று சொல்லிவிடுவது என்று அங்கேயே முடிவாயிற்று.

அன்றைக்குப் பார்த்து பிளாஸ்டர் காலை வாரிவிட்டது. மெழுகை எடுத்துவிட்டு உண்மையான பல்லாக வார்ப்பதற்கு, எல்லாவற்றையும் பிளாஸ்டரில் புதைத்து இறுக விட வேண்டும். மூட்டையில் ஈரம் ஏறியிருந்தது. இறுக வேண்டிய நேரத்தில் கூழ்போல நின்றது. புது மூட்டை வாங்கி முதலிலிருந்து செய்ய வேண்டும். கையெல்லாம் வெள்ளையாக நின்றபடியே முன்னறைக்குக் குரல் கொடுத்தாள்.

"பாதி, அவருக்கு ஒரு போன் போடு. பிளாஸ்டர் செட் ஆகல, பல்லு ரெண்டு நாள் கழிச்சுதான், அப்ப வரச் சொல்லு."

"சரிக்கா!"

இரண்டு நாளில் பல் தயாரானது. ஈறுக்கு நிறம் கொடுத்து, மெருகு போட்டு, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மூழ்க வைத்தாள். அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. பளபளப்பாக இருந்த பல்லை எடுத்து மறுபடி மெருகு போட்டாள். போன் செய்யலாம்தான். ஆனால் கேட்டவர் அவர், பதில் வாங்க வர வேண்டியவரும் அவர்தானே? நாடகக்காரர்களோடு சுற்றுகிற ஆள், வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார், வீட்டுக்குப் போய் யோசித்துப் பயந்திருப்பார். இப்படி ஒரு கணக்குப் போட்டாள். கணக்கு சரியாக வந்தது, அதுதான் வேதனையாக இருந்தது.

"பிளாஸ்டர் மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு எதுக்கு சாப்பிடறே?" என்றாள் அண்ணி, ஓர் இரவுச் சாப்பாட்டில். "எதிரில உக்காந்திருக்கிற எங்களுக்கு இறங்க வேணாமா?"

அண்ணன் மகள் பேச்சை மாற்றுவதற்காகக் கட்டுரையை எடுத்தாள். "அத்தை, இதைக் கேளுங்க. செட்டுங்கிறது ஒரு சொல்லே இல்ல. ரெண்டு."

"இரட்டைப் பிள்ளையா?" என்றாள் அண்ணி.

"சொந்தக்காரங்க கூட இல்லம்மா. எங்கெங்கேயோ பொறந்துட்டு ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்குறாங்க. ஒண்ணு பழைய இங்கிலீஷ். 'உட்கார்' இருக்குல்ல, அதை 'உட்கார வை'ன்னு ஆக்கினா அவங்களுக்கு செட். அலாரம் வைக்கிறது, கான்கிரீட் இறுகுறது, சூரியன் இறங்குறது, எல்லாம் அந்தக் குடும்பம். இன்னொண்ணு லத்தீன்ல கிளம்பி பிரெஞ்சு வழியா வந்தது. ஒருத்தர் பின்னாடி போற கூட்டம்னு அர்த்தம். கப் செட்டு, காலேஜ்ல எங்க செட்டுங்கிறோமே, அதெல்லாம் இது."

"அப்ப பல்செட்டு?"

"அது கூட்டம். பல்லு கூட்டம்."

"கூட்டத்தை உட்கார வைக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றாள் அக்கா, ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்து.

"இருங்க, இன்னும் இருக்கு. நம்மாளுங்க இங்கிலீஷ்காரங்களுக்கே தெரியாத ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்காங்க. ரெண்டு பேருக்கு ஒத்து வரலைன்னா 'செட் ஆகல'ங்கிறோம்ல? அதை அப்படியே இங்கிலீஷ்ல சொன்னா வெள்ளைக்காரன் முழிப்பான். ஒரு பொண்ணு ஒரு பையன்கிட்ட 'செட் ஆகல'ன்னு ரெண்டு வார்த்தை சொன்னா, கதை முடிஞ்சதுன்னு இங்க சின்னக் குழந்தைக்கும் தெரியும். உதாரணத்துக்கு..."

உதாரணத்தை அக்கா கேட்கவில்லை. கையில் எடுத்த உருண்டை வாய்க்குப் போகாமல் நின்றது.

"என்ன அத்தை?"

"அந்தப் பாதி" என்றாள் அவள். "அந்தப் பாதி என்ன சொல்லித் தொலைச்சாளோ!"

மறுநாள் காலையில் பாதி செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை ஆரம்பமானது.

"தச்சருக்குப் போன் போட்டியே, என்ன சொன்ன?"

"நீங்க சொன்னதைத்தான்க்கா."

"அதான் என்னன்னு சொல்லு."

"'அக்கா சொல்லச் சொன்னாங்க, செட் ஆகலையாம்'னேன்."

"பிளாஸ்டர்னு சொன்னியா?"

பாதி மேலே பார்த்தாள். "செட் ஆகாதது பிளாஸ்டர்தானேக்கா? அதைத் தனியா வேற சொல்லணுமா?"

"ரெண்டு நாள் கழிச்சு வரச் சொன்னியா?"

"அதைச் சொல்றதுக்குள்ள அவரு, 'சரிம்மா, அவங்களைச் சங்கடப்பட வேணாம்னு சொல்லு'ன்னு வெச்சுட்டாரு. எதுக்குச் சங்கடம்னு எனக்குப் புரியல. அதுக்குள்ள ஒரு பல்வலி வந்துடுச்சு..."

"அவர் சொன்னதையாவது எங்கிட்ட சொன்னியா?"

பாதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அக்கா அவளை அடிக்கக் கையை ஓங்கி, ஓங்கின கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டு, கிண்ணத்துப் பல்லை ஒரு டப்பாவுக்கு மாற்றினாள். தண்ணீர் தளும்பாமல் மூடினாள். டாக்டரம்மாவிடம், "ஒரு செட் கொடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். டாக்டரம்மா, "வீடு தேடிப் போய்க் கொடுக்கிறது எப்பலேர்ந்து?" என்று கேட்டபோது அவள் தெருவில் இருந்தாள்.

நாடகக் கொட்டகை காலை வெளிச்சத்தில் வெறிச்சென்று இருந்தது. மேடையில் செங்கல் சுவர் வைத்த அழகான வீடு. பின்னால் போனால் செங்கல் எல்லாம் துணி, முட்டுக்கொடுத்த மரச்சட்டங்கள், தொங்குகிற கயிறுகள். தச்சர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார், கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பல்லு வாங்க வரலையே?"

"அதான் சொல்லிட்டீங்களே" என்றார் காற்றோடு. "அதுக்கப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வர்றது?"

"எந்த முகமா? பல்லு இல்லாத முகம்தான். வேற என்ன இருக்கு உங்ககிட்ட?" கோபமாகத்தான் சொல்ல நினைத்திருந்தாள். குரல் ஒத்துழைக்கவில்லை. "செட் ஆகாதது பிளாஸ்டர். மூட்டையில ஈரம். அந்தப் பொண்ணு பாதியைச் சொன்னா, நீங்க மீதியை நீங்களே எழுதிக்கிட்டீங்க."

அவர் அவளையே பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, கடைசியில் அந்தச் சிரிப்பு வெளியே வந்தது. துணிச் சுவர் அசைந்தது. கிண்ணத்துப் பால் சட்டையில் சிந்தியது.

"பிளாஸ்டரா? ஒரு வாரம் தூங்கலீங்க நான்! பிளாஸ்டரா?"

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள். வந்தார். டப்பாவைத் திறந்து கொடுத்தாள். அவர் திரும்பி நின்று மாட்டிக்கொண்டு, மறுபடி அவள் பக்கம் திரும்பினார். அவள் கிட்டே போய், தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். தொழில் பார்வைதான், ஆனால் கையை எடுக்கக் கொஞ்சம் தாமதமானது.

"பேசுங்க."

"அன்னைக்குக் கேட்டதையே கேக்கட்டுமா?"

"கேக்க வேணாம். எனக்கு ஞாபகம் இருக்கு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "சரிங்க. ஆனா என் வேலையை விட மாட்டேன். உங்க வீட்டுல ஜன்னல் இருக்கா?"

"நாலு இருக்குங்க. வேணும்னா இன்னும் ரெண்டு அறுத்து வைக்கிறேன்." சொல்லிவிட்டு முகத்தைச் சுளித்தார். "இடது பக்கம் கொஞ்சம் உறுத்துதுங்க."

"முதல்ல உறுத்தத்தான் செய்யும். தேய்ச்சுக் கொடுக்கிறேன்."

"இதோ உப்புத்தாள் இருக்கே."

"மேசையைத் தேய்க்கிற தாளை வாயில வைக்கவா? வாங்க, மோட்டார்ல ரெண்டு சுத்து விட்டா சரியாயிடும்."

அவள் முன்னால் நடந்தாள். மேடை வீட்டுக்குள் நுழைந்து, எதிரே இருந்த கதவின் பிடியைத் தேடினாள். கை வழுக்கியது. பிடி, தாழ்ப்பாள், மரத்தின் ரேகை, எல்லாம் வர்ணத்தில் இருந்தன.

"அது நான் வரைஞ்சதுங்க" என்றார் அவர், பின்னால் ஓடி வந்து. "தெருவுக்குப் போற வழி இந்தப் பக்கம். தலையைக் குனிஞ்சு வாங்க, கட்டை இடிக்கும்."

அவள் குனிந்தாள்.